பெங்களூரில் குண்டு விழுந்தால் நமக்கு என்ன? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அறிந்ததைப் பகிரும் திரி

பென்னாகரம், இயற்பியல் ஆசிரியர்

எல்லையில் பதற்றம் என்று செய்தி வந்தாலே வகுப்பில் பிள்ளைகள் கேட்பது இதைத்தான்: "சார், பெங்களூர்ல அணுகுண்டு போட்டா நம்ம ஊர் என்ன ஆகும்?" வாட்ஸ்அப்பில் வரும் பதில்களில் பாதி பயமுறுத்தல், மீதி ஆபத்தான வைத்தியம். கருவி கையாளுகிறவர்கள், வீடு கட்டுகிறவர்கள், மாடு பார்க்கிறவர்கள் அவரவர் வேலையில் தெரிந்ததை இங்கே எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். அளவு என்ன, முறை என்ன, எது ஏன் தவறிப்போகும் என்பது போதும்.

முதலில் தூரம். ஹிரோஷிமாவில் வெடித்தது சுமார் 15 கிலோ டன் (ஒரு கிலோ டன் என்பது ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம்), தரையிலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில். சுற்றிலும் 2 கி.மீ. வரை அநேகமாக எல்லாமே அழிந்தது. பத்து மடங்கு பெரிய குண்டு என்றால் வெடி அழுத்தத்தின் எல்லை பத்து மடங்கு விரியாது, இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடும்; கனமூலக் கணக்கு அது. ஓசூர் பெங்களூரு நகர மையத்திலிருந்து சுமார் 40 கி.மீ., கிருஷ்ணகிரி சுமார் 90, தருமபுரி அதற்கும் அப்பால். ஆகவே நம் இரண்டு மாவட்டங்களும் தயாராக வேண்டியது வெடிக்கு அல்ல, அதன் பிறகு விழும் கதிரியக்கத் தூசிக்கு. தீக்கோளம் தரையைத் தொடாமல் உயரத்தில் வெடித்தால் அந்தத் தூசி குறைவு. தரையைத் தொட்டால் மண்ணையும் கட்டடத்தையும் ஆவியாக்கி மேலே இழுத்து, அதை மணல் மணலாகக் காற்றின் வழியில் கொட்டும்.

காற்றைப் பற்றிப் பலரும் தப்பாகச் சொல்வது: "தென்னை எந்தப் பக்கம் ஆடுதுன்னு பாரு." தென்மேற்குப் பருவத்தில் கீழே மேற்கிலிருந்து அடிக்கும், 14, 15 கி.மீ. உயரத்தில் அதே நேரம் கிழக்கிலிருந்து பலமாக அடிக்கும். குண்டின் மேகம் எந்த உயரத்துக்குப் போனது என்பதைப் பொறுத்துத் தூசி எதிர்த் திசையிலும் போகலாம். தரைக்காற்றை நம்பி வண்டியெடுத்துக் கிளம்பக் கூடாது.

கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் தெரிந்தால் ஜன்னலுக்கு ஓடக் கூடாது. 40 கி.மீ. தூரத்துக்கு அதிர்வு வந்து சேர ஏறக்குறைய 2 நிமிடம் ஆகும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே விண்கல் வெடித்தபோது காயம்பட்டவர்கள் சுமார் 1500 பேர். வெளிச்சத்தை வேடிக்கை பார்க்க ஜன்னலோரம் நின்று, பின்னால் வந்த அதிர்வில் கண்ணாடி பட்டவர்களே அதில் அதிகம்.

பிள்ளைகளுக்கு மனப்பாடமாக வேண்டியது ஏழுக்குப் பத்து கணக்கு. நேரம் ஏழு மடங்கானால் கதிர்வீச்சின் தீவிரம் பத்தில் ஒன்றாகும். வெடித்து 1 மணி நேரத்தில் இருப்பது 100 என்றால், 7 மணி நேரத்தில் 10, 49 மணி நேரத்தில் 1, இரண்டு வாரத்தில் 0.1. எண்ண வேண்டியது வெடித்த நேரத்திலிருந்து. தூசி நம் ஊரில் விழுந்த நேரத்திலிருந்து அல்ல. தூசி விழுந்துகொண்டிருக்கும்வரை கணக்கு பொருந்தாது. இரண்டாவது குண்டு வெடித்தால் அதற்குத் தனியாக எண்ண வேண்டும். முதல் இரண்டு நாள் உள்ளே இருப்பதுதான் உயிர் காக்கும் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஓசூர், மின்னணுக் கருவி பழுதுபார்ப்பு

கதிர்வீச்சை எண்ணிக் காட்டும் கைகர் கவுண்ட்டர் கிட் வாங்குகிறவர்களுக்கு. அதில் கதிரை உணரும் எஸ்.பி.எம்-20 குழாய்க்கு 400 வோல்ட் தர வேண்டும். 350 முதல் 475 வரை தாங்கும். இங்கேதான் அதிகம் கெடுகிறது. சாதாரண மல்டிமீட்டரை நேராக வைத்து வோல்ட் பார்ப்பார்கள். மீட்டரின் உள் தடை 10 மெகா ஓம். இந்த மின்சுற்று கொடுக்கும் கரண்ட் மிகச் சொற்பம் என்பதால் மீட்டரே அதை இழுத்துத் தின்றுவிடும், வோல்ட் குறைவாகக் காட்டும். குறைவாயிருக்கிறதே என்று பிரீசெட்டை (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு) ஏற்றுவார்கள். மீட்டரை எடுத்ததும் குழாய்க்கு 500, 600 போய்ச் சேரும். இடைவிடாமல் டிஸ்சார்ஜ் ஆகிக் குழாய் செத்துவிடும்.

1 ஜிகா ஓம் தடையை மீட்டரோடு தொடராகப் போடுங்கள். வரும் அளவை 101ஆல் பெருக்குங்கள், மீட்டர் 3.96 காட்டினால் அதுதான் 400. 5.1 மெகா ஓம் ஆனோடு (நேர்முனை) தடையை ஆனோடு கிளிப்பை ஒட்டியே வையுங்கள், நீளமாக வயர் இழுக்காதீர்கள். குழாயின் முனையில் நேரடியாக ஈயம் வைத்துப் பற்றவைக்கவே கூடாது. சூட்டில் சீல் விட்டு உள்ளிருக்கும் வாயு போய்விடும். ஃப்யூஸ் கிளிப் போதும்.

எண்ணிக்கையை நம்புவதற்கும் ஒரு முறை உண்டு. இயல்பு நிலையில் இந்தக் குழாய் நிமிடத்துக்கு 20, 25 காட்டும். 25 என்றால் அதில் 5 முன்பின் இருக்கும், ஏனென்றால் பிழை எண்ணிக்கையின் வர்க்கமூலம். ஒரு நிமிடம் 19, அடுத்த நிமிடம் 31 என்று வந்தால் பதற ஒன்றுமில்லை. 40 நிமிடம் எண்ணி 1000 வந்தால் பிழை 3 சதவீதம்தான். அதை எழுதி வையுங்கள். நல்ல நாளில் உங்கள் வீட்டு அளவு என்னவென்று தெரியாவிட்டால் கெட்ட நாளில் வரும் அளவுக்கு அர்த்தமே கிடையாது.

மிக முக்கியமானது ஒன்று. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இந்தக் குழாய் சுமார் 190 மைக்ரோ விநாடி எதையும் உணராது. கதிர்வீச்சு மிக அதிகமானால் துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கருவி குறைத்துக் காட்டும். இன்னும் கூடினால் பூஜ்யமே காட்டும். தடதடவென அடித்த கருவி திடீரென நின்றால் "குறைஞ்சு போச்சு" என்று வெளியே வராதீர்கள். ஆபத்தின் உச்சத்தில் காட்டும் பூஜ்யம் அது.

பர்கூர் பக்கம், கிரானைட் பாலிஷ் பட்டறை

ஓசூர் அண்ணா, சிவப்பு, ரோஸ் கல் மேலே வச்சா கவுண்ட் கூடுது, கறுப்புக் கல் மேலே கூடலை. கருவி கோளாறா?

ஓசூர், மின்னணுக் கருவி பழுதுபார்ப்பு

கருவி சரியாத்தான் சொல்லுது தம்பி. சிவப்பு, ரோஸ் கல்லில் பொட்டாசியம் நிறைந்த ஃபெல்ட்ஸ்பார் உண்டு, கூடவே கொஞ்சம் தோரியம், யுரேனியம். கறுப்பு என்று விற்பது டோலரைட். அதில் இவை குறைவு. பொட்டாசியத்தின் கதிரியக்க வகையான பொட்டாசியம்-40இன் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) 125 கோடி ஆண்டு. பூமி உண்டானபோதே வந்தது, குண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கல் போட்ட வீட்டில் பயமில்லாமல் இருக்கலாம். ஆனால் இயல்பு அளவு எடுக்கும்போது எந்தத் தரைமேல் வைத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாள் வேறு தரையில் வைத்துவிட்டு ஒப்பிடக் கூடாது.

காவேரிப்பட்டணம், கட்டடப் பொறியாளர்

தூசியிலிருந்து வந்து சுவரை ஊடுருவும் காமா கதிரைத் தடுப்பது எடைதான். பாதியாகக் குறைக்கத் தேவையான தடிமன்: கான்கிரீட் 6 செ.மீ., இறுகிய மண் 9 செ.மீ., இரும்பு 1.8 செ.மீ. கருங்கல் கான்கிரீட்டைவிடக் கனம் என்பதால் 5.5 செ.மீ. என்று வைக்கலாம். நம் பக்கத்துப் பழைய ஒன்றரை அடிக் கருங்கல் சுவர் எட்டு முறை பாதியாக்கும். உள்ளே வருவது ஏறக்குறைய 250இல் ஒரு பங்கு. 9 அங்குல செங்கல் சுவரில் எட்டில் ஒன்று வரும். ஹாலோ பிளாக்கில் உள்ளே வெற்றிடம் என்பதால் மூன்றில் ஒன்று வந்துவிடும்.

சுவரைப் பார்த்து ஏமாறக் கூடாது. தூசி வந்து உட்காருவது கூரையில். 12 செ.மீ. கான்கிரீட் தளம் கால் பங்குக்குத்தான் குறைக்கும். கல் பலகை போட்ட கூரையும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஓடும் ஷீட்டும் தடுப்பதாகவே கணக்கில் வராது. மாடி வீடென்றால் கீழ்த்தளத்தில் நடு அறை; இரண்டு தளம் சேர்ந்து பதினாறில் ஒன்று, தூசியிலிருந்து தூரமும் கூடுகிறது.

"மேலே மண்ணைக் கொட்டிட்டா?" என்று உடனே கேட்பார்கள். ஒரு அடி மண் சதுர மீட்டருக்கு 500 கிலோ. மொட்டை மாடிக்கு நாம் கணக்கிடும் கூடுதல் பளு 150 கிலோ. கல் பலகையில் கம்பியே கிடையாது. முன்னறிவிப்பு இல்லாமல் படக்கென்று இரண்டாகும். கதிருக்குப் பயந்து கூரையைத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எடையைத் தரையில் தாங்கவையுங்கள். தடித்த உள்சுவரை ஒட்டி ஒரு பெரிய மேசை. பலகைமேல் 20 செ.மீ. மண் மூட்டை வைத்தால் சாதாரண மேசைக்கே 300 கிலோ ஆகிவிடும். மேசைக்காலை நம்பாமல் நான்கு மூலையிலும் சாலிட் பிளாக் அடுக்கி அதன்மேல் பலகையைத் தாங்கவிடுங்கள். பக்கங்களில் மண் மூட்டை இல்லாவிட்டால் ராகி மூட்டை. தானியம் லேசு என்பதால் 40 செ.மீ. அடுக்கினால்தான் கால் பங்கு. மேலும் கீழும் ஒரு கையளவு திறப்பு விடுங்கள். இது ரொம்ப முக்கியம். சித்திரை வெயிலில் கரண்ட் இல்லாமல் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கதிருக்கு முன்னால் வெப்பம் ஆளைச் சாய்த்துவிடும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். நான்கு பேருக்கு 14 நாளுக்கு 224 லிட்டர், ஏறக்குறைய ஒரு நீல டிரம். ஆழ்துளைக் கிணற்று நீரில் தூசி உடனே இறங்காது, ஆனால் கரண்ட் போனால் மோட்டார் ஓடாது. ஒகேனக்கல் குடிநீரும் பம்ப் நின்றால் நிற்கும். ஆகவே தண்ணீரை முன்கூட்டியே பிடித்து மூடி வைப்பதுதான் ஒரே வழி. வெளியிலிருந்து வருகிறவர் மேல்துணியை வாசலிலேயே கழற்றிப் பையில் கட்டிப் போட்டாலே தூசியின் பெரும்பகுதி போய்விடும். தலைக்கு ஷாம்பு போடலாம். கண்டிஷனர் கூடாது, தூசியை முடியோடு ஒட்டவைக்கும்.

பாலக்கோடு, கால்நடைப் பராமரிப்பு

தூசியில் வரும் கதிரியக்க அயோடின்-131இன் அரை ஆயுள் 8 நாள். புல்லில் விழும், மாடு பரந்த நிலத்தில் மேய்ந்து அதைச் சேர்த்துப் பாலில் இறக்கும், குழந்தையின் தைராய்டில் போய் உட்காரும். தூசி விழுந்த அன்றே மேய்ச்சலை நிறுத்துவதுதான் பெரிய பாதுகாப்பு. ராகித்தாள் போர் இருந்தால் முன்பே தார்ப்பாய் போட்டுக் கீழ்வரை இழுத்துக் கட்டுங்கள். மூடாத போர் என்றால் மேல், பக்கங்களில் வெளிப்பகுதியை ஒரு முழம் ஆழத்துக்குப் பிரித்து ஒதுக்கிவிட்டு உள்தாளைப் போடலாம். தொட்டித் தண்ணீரும் மூடியிருக்க வேண்டும். சந்தேகமான பாலைப் பவுடராக்கி 80 நாள் வைத்தால் பத்து அரை ஆயுள் கடந்து அயோடின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகும். தூசியில் வரும் மற்ற கதிரியக்கப் பொருள்களான ஸ்ட்ரான்சியம்-90, சீசியம்-137 இரண்டுக்கும் இந்தக் கணக்கு உதவாது. அவற்றின் அரை ஆயுள் 30 ஆண்டு அளவில்.

அயோடின் உப்பை நிறையத் தின்றால் கதிர் தாக்காது என்னும் உப்பு வைத்தியம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பொட்டாசியம் அயோடைடு மாத்திரை பெரியவருக்கு 130 மி.கி.; அதில் அயோடின் சுமார் 100 மி.கி. கடை உப்பில் கிலோவுக்கு 15 மி.கி. அயோடின் என்றால், அதே அளவு கிடைக்க ஆறரை கிலோவுக்கு மேல் உப்புத் தின்ன வேண்டும். அதற்கு முன்பே உயிர் போய்விடும். புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தைக் குடிப்பதும் விஷம். மாத்திரையும் தைராய்டை மட்டுமே காக்கும், அதுவும் கதிர் அயோடின் உடலில் சேருவதற்குச் சற்று முன்போ ஓரிரு மணி நேரத்துக்குள்ளோ எடுத்தால். குழந்தைகளுக்கு அளவு வேறு. சுகாதாரத் துறை சொல்லாமல் யாரும் போடக் கூடாது. 40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பலன் சொற்பம். இருக்கும் மாத்திரை பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் போகட்டும்.

சூளகிரி, நில அதிர்வுப் பதிவு

அணுகுண்டுச் சோதனை நடந்தால் தெரியுமா என்று கேட்பவர்களுக்கு: பெரிய சோதனை என்றால் தெரியும். பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் 1965 முதல் இதற்காகவே ஒரு நில அதிர்வுக் கருவி வரிசை இயங்குகிறது, 'எல்' வடிவில் 20 கருவிகள். 1998 மே 11 பொக்ரான் வெடிப்பை உலக நிலையங்கள் 5 ரிக்டர் அளவில் பதிந்தன. மே 13இல் வெடித்தவை கிலோ டன்னுக்கும் குறைந்தவை. வெளிநாட்டு நிலையங்களில் சிக்கவில்லை. சிறிய சோதனையைப் பிடிப்பது இன்னும் கடினம் என்பதற்கு இதுவே சாட்சி.

வெடிப்பு எல்லாத் திசையிலும் வெளித்தள்ளுவதால் முதல் அசைவு எல்லா நிலையத்திலும் மேல்நோக்கியே இருக்கும். பூகம்பத்தில் பிளவு வழுக்குவதால் சில இடத்தில் மேலே, சில இடத்தில் கீழே. இன்னொன்று, பூமிக்குள் ஊடுருவி வரும் உடல் அலை ஒரே அளவாக இருந்தாலும், தரையோடு பரவும் மேற்பரப்பு அலை வெடிப்பில் பூகம்பத்தைவிடப் பலவீனமாக இருக்கும். பள்ளியில் வைக்கும் 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோனில் (தரை அதிர்வை உணரும் சிறு கருவி) இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாது. மேற்பரப்பு அலையின் காலம் 20 விநாடி, அந்தக் கருவிக்கு அது எட்டாது. முதல் அலையைப் பிடிக்கலாம். பொக்ரான் நமக்குச் சுமார் 1750 கி.மீ.; அங்கிருந்து முதல் அலை வர நான்கு நிமிடம் ஆகாது. கருவியை மண் தரையில் வைக்காமல் வெளித்தெரியும் பாறையில் வையுங்கள், மரத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் தள்ளி. ஜல்லி குவாரி வெடியும் ஒவ்வொரு நாளும் பதியும். குழிகளை மில்லி விநாடி இடைவெளி விட்டு வெடிப்பதால் அதன் தடம் தனி, பகலில் மட்டும் வரும். இரவு ஒரு மணிக்கு மேல் வரும் பதிவே சுத்தமானது.

தொரப்பள்ளி பக்கத்திலிருந்து

இத்தனை அளவுகளுக்கு நடுவே நம் மாவட்டத்துக்காரர் ஒருவர் செய்ததையும் சேர்க்கிறேன். 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த குண்டு 6 மெகா டன் என்று எதிர்பார்த்து 15 ஆக முடிந்தது. குண்டில் இருந்த லித்தியம்-7 வினையில் சேராது என்று கணக்குப் போட்டிருந்தார்கள், அது சேர்ந்துவிட்டது. சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் கொட்டியது; அதன் வானொலி இயக்குநர் செப்டம்பரில் இறந்தார். ஏப்ரல் 2 அன்று நேரு சோதனைகளை நிறுத்தி வைக்கச் சொன்னார். 1962 செப்டம்பரில், தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 83 வயதில் காந்தி அமைதி நிறுவனத் தூதுக்குழுவோடு வாஷிங்டன் போய், சோதனையை நிறுத்துங்கள் என்று கென்னடியிடம் நேரில் கேட்டார். அடுத்த மாதமே அணுப்போரின் விளிம்புக்குப் போன கியூபா நெருக்கடி. 1963 ஆகஸ்ட் 5 அன்று காற்று, கடல், விண்வெளிச் சோதனைகளைத் தடுக்கும் ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தானது. அவர் ஒருவரால் வந்தது என்று நான் சொல்லவில்லை. பாலிலும் குழந்தைகளின் பற்களிலும் ஸ்ட்ரான்சியம் சேர்ந்த காலத்தில் அந்த வயதில் ஒருவர் அதற்காகக் கடல் கடந்தார் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். நிலத்தடிச் சோதனையை அந்த ஒப்பந்தம் விட்டுவிட்டது. 1970 டிசம்பர் 18 அன்று நெவாடாவில் 270 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் வெடித்த 10 கிலோ டன், ஈரக் களிமண் இருந்ததால் பூமியைப் பிளந்து வெளியே வந்தது.

மத்தூர், கல்லூரி மாணவர்

சார், கோடை மழை பெய்ததும் கவுண்ட்டர் ஏறுகிறதே, எங்காவது ஏதாவது நடந்துவிட்டதா?

ஓசூர், மின்னணுக் கருவி பழுதுபார்ப்பு

மண்ணிலிருந்து இயல்பாகவே வரும் ரேடான் என்னும் கதிரியக்க வாயு காற்றில் சிதைந்து உண்டாக்கும் வாரிசுகளை மழை கழுவி இறக்குகிறது தம்பி. மழை விட்டதும் பைக் சீட்டை ஒரு டிஷ்யூவால் துடைத்து, மடித்துக் குழாயை ஒட்டி வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக் குறியுங்கள். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் பாதியாகி, நான்கு மணி நேரத்தில் இயல்பு அளவுக்கு வந்துவிட்டால் அது ரேடான்தான். அடுத்த நாள் காலையிலும் அதே டிஷ்யூ குறையாமல் காட்டினால் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, தேதி, நேரம், துடைத்த இடம் மூன்றும் எழுதி, கையைக் கழுவிவிட்டுக் கல்லூரி இயற்பியல் துறையில் கொடுங்கள்.