முள்ளோடை முதல் மஞ்சக்குப்பம் வரை: குடிபோதை வண்டியை நிறுத்தும்போது கவனிக்க வேண்டியவை

போக்குவரத்துப் பிரிவு காவலர் அனுபவம்:

புதுச்சேரியில் குடித்துவிட்டு எல்லையான முள்ளோடை தாண்டி கடலூர் திரும்புகிற பைக்குகள் சனி, ஞாயிறு ராத்திரியில்தான் அதிகம். தடுப்பைத் தென்பெண்ணைப் பாலத்து இறக்கத்திலோ வளைவு முடிகிற இடத்திலோ போடாதீர்கள். தெருவிளக்கு எரிகிற நேர்சாலை வேண்டும். தடுப்புக்கு 50 மீட்டர் முன்னாலேயே ஒளிரும் கூம்புகளை வைத்து, ரிஃப்ளெக்டர் சட்டையும் சிவப்பு லைட்டுமாக ஒரு ஆளை ஓரத்தில் நிறுத்துங்கள். போதையில் இருப்பவனுக்குத் தூரமும் வேகமும் பிடிபடாது. கைகாட்டினால் பிரேக் போடுவான் என்று நம்பி எதிரே நிற்பது உயிருக்கே ஆபத்து.

ஓடுகிற வண்டியில் சாவியைப் பிடுங்குவது, ஹேண்டில்பாரைப் பிடிப்பது, லத்தியை நீட்டுவது மூன்றும் கூடவே கூடாது. பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவியோ பிள்ளையோதான் முதலில் தெறித்து விழும். நிற்காமல் போனால் நம்பரைக் குறித்து அடுத்த பாயின்ட்டுக்குச் சொல்லுங்கள். விரட்டினால் இன்னும் முறுக்குவான்.

நின்றவுடனே, மூச்சில் சாராய அளவு பார்க்கும் மிஷினில் ஊதச் சொல்லக் கூடாது. கடைசியாகக் குடித்து 15 நிமிடமாவது ஆக வேண்டும். வாயில் ஒட்டியிருக்கும் சாராயமே அளவை ஏற்றிக் காட்டிவிடும். இடையில் வாந்தி எடுத்தால் மறுபடி 15 நிமிடம். மிஷின் பூஜ்யம் காட்டுவதை அவருக்கே காட்டி, புதுக் குழாயை அவர் முன்னால் பிரித்து மாட்டி, "நிறுத்தாம ஒரே மூச்சா ஊதுங்க" என்று சொல்லுங்கள். விட்டுவிட்டு ஊதினால் மிஷின் எடுக்காது. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. தாண்டினால்தான் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு (குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது) பொருந்தும். அளவு 28 வந்தவர் மேல், வாடை அடிக்கிறது என்பதை மட்டும் வைத்து அந்தக் கேஸை எழுத முடியாது.

பலரும் கோட்டை விடுவது மிஷின் அடித்துத் தரும் ரசீதில்தான். அது சூட்டில் அச்சாகும் தாள். கடலூர் வெயிலில் சில மாதத்தில் வெளுத்துவிடும், விசாரணைக்கு வரும்போது வெறும் காகிதம். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துக் கையெழுத்து வாங்கி, மிஷின் சரியாக அளக்கிறது என்ற அளவீட்டுச் சான்று நகலோடு சேர்த்து வையுங்கள்.

கேஷுவாலிட்டி செவிலியர்:

சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தள்ளாடுகிறவர் எல்லாரும் குடித்தவர் இல்லை. சர்க்கரை இறங்கினாலும் உளறுவார், வியர்க்கும், அடிக்கக்கூட வருவார். விரலில் குத்திப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. 70-க்குக் கீழே இருந்தால் முதலில் சிகிச்சை. கீழே விழுந்தவருக்குக் காதில் ரத்தம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, திரும்பத் திரும்ப வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் தலைக்குள் காயம் இருக்கலாம். குடித்தவருக்கும் மண்டை உடையும். போதைதான் என்று உட்கார வைத்த நேரம் திரும்பக் கிடைக்காது.

தயவுசெய்து யாரையும் கையைப் பின்னால் கட்டி ஜீப்புத் தரையில் குப்புறப் போட்டுக் கொண்டுவராதீர்கள். நெஞ்சு அழுந்தி மூச்சு நின்றுவிடும். லாக்கப்பில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குறட்டை விடுகிறார், நன்றாகத் தூங்குகிறார் என்று விட்டுவிடாமல் அரைமணிக்கு ஒருமுறை எழுப்பிப் பெயர் கேளுங்கள். எழுந்து பேசவில்லை என்றால் உடனே 108.

சாராய அளவு பார்க்க ரத்தம் எடுக்கும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால், ஸ்பிரிட்டும் ஆல்கஹால்தானே என்று கோர்ட்டில் அதையே கேட்பார்கள். வேறு கிருமிநாசினி போதும். சோடியம் ஃபுளோரைடு போட்ட குழாயில் எடுத்து, சீல் வைத்து, ஃபிரிட்ஜில் வையுங்கள். பெண் என்றால் பெண் மருத்துவர் எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பெண்ணாவது உடன் இருக்க வேண்டும்.

வழக்கறிஞர்:

கேஸ் உடைவது பெரும்பாலும் நேரத்தில். 185-இல் கைதானால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்கிறது 202-ஆம் பிரிவு. முள்ளோடைப் பக்கம் பிடித்து, ஸ்டேஷனில் ரைட்டர் வரும்வரை காத்திருந்து, பிறகு மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனை வரிசையில் நின்றால் அந்த நேரம் போயே போய்விடும். ஸ்டேஷனுக்கு வந்த நேரத்தைக் கைது நேரமாக எழுதாதீர்கள், சட்டையில் மாட்டிய கேமராவில் வேறு மணி இருக்கும்.

முதல் தடவை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். அதற்காகச் சாவியை அவர் கையிலேயே கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. லைசென்ஸ் உள்ள, குடிக்காத உறவினரை வரவழைத்து எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். வருகிறவரையும் ஒருமுறை ஊதச் சொல்லிப் பாருங்கள், கூடவே குடித்த நண்பனே வந்து நிற்பதும் உண்டு.