மறு: மறு: ‘கெகன்னா’வுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள்)

தொகுப்பாளர்:
விவிலியச் சொற்கோவை வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ‘கெகன்னா’ என்பது தீயோர் தண்டனை பெறும் இடம்; எருசலேமை அடுத்த ஒரு பள்ளத்தாக்கின் பெயரிலிருந்து வந்தது. புதிய ஏற்பாட்டில் இச்சொல் 12 இடங்களில் வருகிறது: மத்தேயுவில் 7, மாற்கில் 3, லூக்காவிலும் யாக்கோபிலும் ஒவ்வொன்று. பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு 5:22 ‘எரிநரகம்’, மத்தேயு 23:15 ‘நரகத்தின் மகன்’. 2 பேதுரு 2:4இல் உள்ள தார்த்தரோசுக்கும் (கிரேக்கர் சொன்ன ஆழ்ந்த கீழுலகச் சிறை) ‘நரகம்’தான். மாணவர் இரண்டையும் ஒன்றென்றே படிக்கிறார்கள். தனிச்சொல் தாருங்கள்.

அளறு அன்பர்:
நரகம் வடசொல். வள்ளுவர் ‘அளறு’ என்றார் (255, 835, 919). சேற்றைக் குறித்த சொல் தண்டனைக்குரிய இடத்துக்கு ஆனது. பள்ளத்தாக்கின் பெயர் அப்படி ஆனதும் இதே வழிதானே?

எபிரேய ஆசிரியர்:
அளறு ஈரம் ஐயா. மாற்கு 9:43 அவியாத நெருப்பைச் சொல்கிறது; சேற்றில் எங்கே தீ பற்றும்? மூலம் ‘கே இன்னோம்’, இன்னோமின் பள்ளத்தாக்கு. எருசலேமுக்குத் தெற்கே ஓடிக் கீதரோன் பள்ளத்தாக்கில் சேர்கிறது. அங்குள்ள தோப்பேத் என்னும் பலியிடத்தில் பிள்ளைகளைத் தீயில் இட்டார்கள் (எரேமியா 7:31). யூதாவின் அரசர் யோசியா அவ்விடத்தைத் தீட்டாக்கினார் (2 இராஜாக்கள் 23:10). குறிப்பில் ‘குப்பை எரித்த இடம்’ என்று எழுதிவிடாதீர்கள். அதைச் சொன்னவர் 1235 வாக்கில் மறைந்த யூத உரையாசிரியர் தாவீது கிம்கி. அகழாய்வில் ஆதாரம் இல்லை.

அளறு அன்பர்:
‘கே’ நம் ‘கெவி’யேதான்! கெவி, கெபி, குகை...

எபிரேய ஆசிரியர்:
‘கே’ தனித்து நிற்கும்போது ‘கய்’, ஈற்றில் அலெப் என்னும் எபிரேய எழுத்து. உங்கள் வகரத்துக்கு அங்கே இடமில்லை.

பிழைதிருத்துநர்:
தலைப்புச்சொல்லில் கிரந்தம் வேண்டாம். கிரேக்க வடிவமே ‘கெயென்னா’. ஹகரம் இலத்தீனில் ஏறியது. ‘கெஹன்னா’ என்பவர் இலத்தீனைத்தான் எழுத்துப்பெயர்க்கிறார்.

இன்னொருவர்:
‘கெயென்னா’ என்றால் யாருக்குப் புரியும்? அரபியில் இதே சொல் ‘ஜஹன்னம்’. தமிழ் முஸ்லிம்கள் அதை அப்படியே வழங்குகிறார்கள், ஜகரம் ஹகரம் இரண்டோடும். யாருக்கும் நா சுளுக்கவில்லை.

தொகுப்பாளர்:
‘எரிபள்ளம்’ என்றும் தனிமடலில் வந்தது. இடமும் தீயும் இரண்டும் இருக்கின்றன. ஆனால் மத்தேயு 23:15இல் ‘எரிபள்ளத்தின் மகன்’ என்று போட்டுப் பாருங்கள். செங்கல் சூளைக்காரர் வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது. ‘எரிநரகத்தின் மகன்’ நிற்கிறது. ஆகவே தலைப்பு: எரிநரகம், அடுத்து ‘கெயென்னா’, விளக்கத்தில் இன்னோம் பள்ளத்தாக்கு. தார்த்தரோசு ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும். இறந்தோர் உலகைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஏடீசு வழக்கம்போல் ‘பாதாளம்’. வாக்கு: ஐந்துக்கு இரண்டு.

அளறு அன்பர்:
எரிநரகத்திலும் பாதி வடசொல். என் மறுப்பைப் பதிவு செய்க. அடிக்குறிப்பிலாவது அளறு?

தொகுப்பாளர்:
அடிக்குறிப்பில் ஒரு வரி. 919 மட்டும், மூன்று குறளுக்கும் இடமில்லை.