குளோபல் மாறிகளோடு மல்லுக்கட்டியவர்கள் வாருங்கள்: தோட்டத்துச் சம்பளக் கணக்கும் யூனிட் டெஸ்டும்

கிராணி வீட்டுப் பிள்ளை (பத்தாங் பெர்ஜுந்தை)

வணக்கம். மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களுக்கு ஆள் விடும் குத்தகைக்காரர்களுக்கான சம்பள மென்பொருளை நான் பார்த்துக்கொள்கிறேன். யாரோ பி.எச்.பி.யில் எழுதி, வேறு யாரோ திருத்தி, இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் ஆப்ஜெக்ட் முறையில் ஒழுங்காகத்தான் இருக்கும். ஊழியருக்கு ஒரு கிளாஸ், சம்பளச் சீட்டுக்கு ஒன்று, குலைக் கணக்குக்கு ஒன்று. உள்ளே போனால் எல்லா ஃபங்ஷனும் 'குளோபல்' (எங்கிருந்தும் படிக்கவும் மாற்றவும் முடிகிற பொது மாறி) என்ற வரியோடுதான் ஆரம்பிக்கிறது. டேட்டாபேஸ் இணைப்பு, நிறுவன விவரம், குறைந்தபட்சச் சம்பளம், இ.பி.எஃப். (தொழிலாளர் சேமநிதி) விகிதம் என்று எல்லாமே வெளியே எங்கோ கிடக்கும் மாறிகள். தோட்டத்து லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) ஒரே பைப் இருந்த காலம்தான் ஞாபகம் வருகிறது: யார் திறந்தார்கள், யார் மூடினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

2025 பிப்ரவரி 1-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 ஆனது. அவ்வளவுதான் என்றால் ஓர் எண்ணை மாற்றிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். ஆனால் 5 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு ஆகஸ்ட் 1 வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள். எங்கள் வாடிக்கையாளர்களில் இரண்டு வகையும் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே ஓட்டத்தில் சீட்டு அடிக்க வேண்டும். ஒரே மாறி ஒரே நேரத்தில் 1,500 ஆகவும் 1,700 ஆகவும் எப்படி இருக்கும்? கை வைப்பதற்கு முன் யூனிட் டெஸ்ட் (ஒவ்வொரு சின்னப் பகுதியையும் தனியாகச் சோதிக்கும் கோட்) எழுதிக்கொள்வோம் என்று, அதை ஓட்டும் பி.எச்.பி.யூனிட் கருவியைப் போட்டேன்.

முதல் டெஸ்டிலேயே டேட்டாபேஸ் மாறி 'நல்' (மதிப்பே இல்லை) என்று வந்து நின்றது. அந்த மாறிகளை உருவாக்கும் அதே கான்ஃபிக் கோப்பு பிரௌசரில் ஒழுங்காக ஓடுகிறது. விஷயம் இதுதான்: டெஸ்டுகளுக்கு முன்னால் ஓடி, கான்ஃபிக்கையும் இழுத்து வரும் பூட்ஸ்ட்ராப் கோப்பை பி.எச்.பி.யூனிட் தன்னுடைய ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்துத்தான் ஏற்றுகிறது. அதனால் அந்தக் கோப்பில் உருவாகும் மாறிகள் எல்லாம் அந்த ஃபங்ஷனுக்கு மட்டும் சொந்தம், அது முடிந்ததும் அவையும் போய்விடும். நம் கிளாஸ் போய்த் தேடும் குளோபல் இடம் காலியாகவே இருக்கும். கான்ஃபிக் கோப்பின் தலையிலேயே அந்த மாறிகளை 'குளோபல்' என்று அறிவித்துவிடலாம், அல்லது 'குளோபல்ஸ்' அரேயில் நேரடியாக எழுதலாம். இரண்டுமே வேலை செய்யும்.

அப்புறம் அடுத்த கூத்து. தனியாக ஓட்டினால் பாஸ் ஆகும் டெஸ்ட், எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் விழுகிறது. முன்னால் ஓடிய டெஸ்ட் விகிதத்தை மாற்றிவிட்டுத் திருப்பி வைக்காமல் போயிருக்கிறது. ஒவ்வொரு டெஸ்டுக்கு முன்பும் குளோபல்களைப் பிரதி எடுத்து, முடிந்ததும் பழையபடி வைக்கும் வசதி பி.எச்.பி.யூனிட்டில் இருக்கிறது. 6-ஆம் பதிப்புக்கு முன்னால் அது தானாகவே இயங்கும், 6 முதல் நாம் கேட்டால்தான். எங்கள் சர்வரில் இருப்பதோ பழைய பதிப்பு. பிரதி எடுக்க எல்லாவற்றையும் சீரியலைஸ் செய்ய (சேமிக்கக்கூடிய எழுத்து வரிசையாக மாற்ற) பார்க்கிறது, பி.டி.ஓ. (பி.எச்.பி.யின் டேட்டாபேஸ்) இணைப்பைச் சீரியலைஸ் செய்ய முடியாது என்று எக்ஸெப்ஷன் வீசுகிறது. இணைப்பு மாறியை விலக்குப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

இதே மாதிரி மாட்டியவர்கள் எப்படி வெளியே வந்தீர்கள்?

பழைய ஜாவாக்காரன் (ஷா ஆலாம், பிறந்தது கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம்)

தம்பி, பிரதி எடுத்துத் திருப்பி வைப்பதெல்லாம் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கிற வேலை. அவசரத்துக்குச் செய்யலாம், அதிலேயே நின்றுவிடாதே.

எனக்கு இ.பி.எஃப். தொழிலாளர் பங்கு வழியாக இந்தப் பாடம் வந்தது. 11 சதவீதமாக இருந்ததை 2020 ஏப்ரலில் 7 ஆக்கினார்கள், 2021 ஜனவரியில் 9, 2022 ஜூலையில் மறுபடியும் 11. இதில் வேடிக்கை என்னவென்றால், குறைத்த காலத்திலும் "எனக்கு 11-ஏ பிடியுங்கள்" என்று பாரம் கொடுத்தவர்களுக்கு 11-தான். அப்படியானால் விகிதம் என்பது நாட்டுக்கு ஒரு எண் இல்லை, ஆளுக்கு ஒரு எண், அதுவும் மாதத்தைப் பொறுத்தது. ஸ்டாட்டிக் மாறியில் (கிளாஸ் முழுவதற்கும் பொதுவான மாறியில்) ஒரே எண்ணை வைத்திருந்த அந்த கிளாஸ் கணக்கையே தப்பாகப் புரிந்துகொண்டிருந்தது. டெஸ்ட் எழுத உட்கார்ந்ததால்தான் அது வெளியே தெரிந்தது.

எல்லா கிளாஸையும் மாற்றக் கிளம்பாதே, வருஷம் ஓடிவிடும். நீ தொடப்போகும் கிளாஸை மட்டும் எடு. அதன் கன்ஸ்ட்ரக்டரில் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் ஃபங்ஷனில்) விகிதத்தை ஒரு பராமீட்டராக, அதாவது கூப்பிடுகிறவர் கொடுக்கும் மதிப்பாக வாங்கு. யாரும் எதுவும் கொடுக்காவிட்டால் பழைய குளோபலிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். பழைய கோட் எல்லாம் அதை எதுவும் கொடுக்காமல்தான் கூப்பிடும், அதற்கு ஒன்றும் ஆகாது. டெஸ்ட் மட்டும் தனக்கு வேண்டியதைக் கொடுத்துக் கூப்பிடும். கிளாஸுக்குள்ளே 'குளோபல்' என்ற சொல் கன்ஸ்ட்ரக்டரில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும், வேறு எந்த ஃபங்ஷனிலும் கூடாது.

இன்னொன்று. கான்ஃபிக் முழுவதையும் ஒரு மூட்டையாகக் கட்டி உள்ளே அனுப்பாதே. நிறையப் பேர் அப்படிச் செய்துவிட்டு "குளோபலை ஒழித்துவிட்டேன்" என்கிறார்கள். அந்த கிளாஸுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது மூட்டைக்குள்ளேயே மறைந்து போகும். சம்பளச் சீட்டுக்கு விகிதம் வேண்டுமா, விகிதத்தை மட்டும் கொடு.

மில் கணக்கு (தெலுக் இந்தான்)

அண்ணன் சொன்னது சரி. பைத்தான் பக்கத்திலிருந்து நானும் ஒன்று சொல்கிறேன்.

எங்கள் ஆலைக்குள் குலை லோரி வந்ததும் எடை, தரம் எல்லாம் பதிவாகும். அதிலிருந்து எவ்வளவு எண்ணெய் கிடைக்கும் என்று கணக்குப் போட ஒரு பிழிவு விகிதம் வேண்டும். அது கான்ஃபிக் என்ற மாட்யூலில் (கோட் கோப்பில்) குளோபலாக இருந்தது. டெஸ்டில் அதை 'பேட்ச்' செய்து (தற்காலிகமாக மாற்றி) 0.20 என்று வைத்தேன். கணக்கு அசையவே இல்லை, பழைய எண்ணிலேயே வந்தது.

கணக்குப் போடும் மாட்யூல் அந்த மாறியை 'ஃப்ரம் கான்ஃபிக் இம்போர்ட்' என்று பெயரோடு இழுத்திருந்தது. அப்படி இழுத்தால் அந்த மாட்யூலில் அதே பெயரில் இன்னொரு மாறி உண்டாகிவிடும். நான் கான்ஃபிக்கில் இருப்பதை மாற்றுகிறேன், அது தன்னிடம் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எங்கே பயன்படுத்துகிறார்களோ அங்கேதான் பேட்ச் செய்ய வேண்டும். இது ஆவணத்திலேயே இருக்கிறது. இருந்தாலும் எங்கள் டீமில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் முட்டிக்கொள்கிறார்கள்.

இன்னும் மோசமானது டிஃபால்ட் மதிப்பு (எதுவும் கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பு). ஃபங்ஷனின் பராமீட்டரில் 'விகிதம் சமம் அந்த குளோபல்' என்று எழுதியிருந்தால், அந்த மதிப்பு ஃபங்ஷன் வரையறுக்கப்படும்போதே ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு எங்கே பேட்ச் செய்தாலும் பயன் இல்லை. பழைய ஜாவாக்கார அண்ணன் சொன்ன வழியைப் பைத்தானில் செய்கிறவர்கள் கவனியுங்கள்: டிஃபால்ட்டை 'நன்' (மதிப்பு இல்லை) என்று வைத்து, உள்ளே போய் அது நன்னாக இருந்தால் குளோபலிலிருந்து எடுங்கள்.

சில்லறைக் கடை பில் (தைப்பிங்)

எல்லோரும் குளோபலைப் போட்டு அடிக்கிறீர்கள். நான் ஒன்று சொல்லட்டுமா? ஒவ்வொரு டெஸ்டையும் தனித் தனி பிராசஸில் (புதிதாகத் தொடங்கும் தனி ஓட்டமாக) ஓட்டச் சொன்னால் போதும். ஒன்றின் அழுக்கு இன்னொன்றில் ஒட்டாது, கோடிலும் கை வைக்க வேண்டாம். எங்கள் கடை பில் புரோகிராமுக்கு இன்றும் அப்படித்தான் ஓடுகிறது. தாய் பிராசஸின் குளோபல்களைக் குழந்தைக்குக் கடத்த வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கேயும் அந்த பி.டி.ஓ. தகராறு வரும்.

மெதுவாக ஓடும், ஒப்புக்கொள்கிறேன். ஓட விட்டுவிட்டு ஒட்டுக்கடைக்குப் போய் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

பழைய ஜாவாக்காரன்

தம்பி, உங்கள் பில் புரோகிராமில் வரி விகிதம் எங்கே இருக்கிறது? 2018 ஜூன் 1-இல் ஜி.எஸ்.டி. (பொருள், சேவை வரி) 6 சதவீதத்திலிருந்து பூஜ்யம் ஆனபோது, மே மாதம் விற்ற பொருளை ஜூனில் திருப்பிக் கொண்டு வந்தவருக்குக் கிரெடிட் நோட் எந்த விகிதத்தில் அடித்தது?

சில்லறைக் கடை பில்

பூஜ்யத்தில்தான் அடித்தது என்று முன்பு அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சொல்வார். அப்புறம் கையால் திருத்தினார்களாம். செப்டம்பர் 1-இல் எஸ்.எஸ்.டி. (விற்பனை, சேவை வரி) வந்ததும் அதே கதை. சரி அண்ணே, புரிகிறது. தனிப் பிராசஸ் ஒரு டெஸ்டை இன்னொன்றிலிருந்து பிரிக்கும், மே மாதத்தை ஜூனிலிருந்து பிரிக்காது.

அரை மணி நேரம் (கோல கெட்டில்)

யாரும் தொடாத ஒரு குளோபலைப் பற்றிச் சொல்ல வந்தேன்: நேரம். இப்போது மணி என்ன என்று கேட்பதும், எந்த நேர மண்டலத்தில் இருக்கிறோம் என்பதும் பிராசஸ் முழுவதற்கும் பொதுவான விஷயங்கள். கோடில் 'குளோபல்' என்று எங்கும் எழுதியிருக்காது. தேடினாலும் கிடைக்காது.

ஓய்வு வயதுப் பட்டியல் ஒன்று இருந்தது. தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று 2013 ஜூலை 1 முதல் சட்டம். 60 தாண்டினால் இ.பி.எஃப்.பில் முதலாளி பங்கும் 4 சதவீதத்துக்கு இறங்கும், அதனால் தேதி முக்கியம். டெஸ்ட் எல்லாம் பச்சை. ஆனால் தோட்டத்துப் பெரியவர்கள் பலருக்குப் பிறந்த தேதி ஒரு நாள் முன்னால் விழுந்தது. ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் முந்தைய மாதத்துக்கே போய்விட்டார்கள்.

நம் தீபகற்பத்தில் 1982 ஜனவரி 1 வரை நேரம் கிரீன்விச்சை விட ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. அன்று அரை மணி தள்ளி வைத்து எட்டு ஆக்கினார்கள். பழைய கோட் பிறந்த நாளை "நள்ளிரவு, கிரீன்விச்சுக்கு 8 மணி முன்னால்" என்று சேமித்தது. திருப்பி எடுத்துக் காட்டும்போது சர்வரின் மண்டலம் ஆசியா, கோலாலம்பூர். அந்த நேர மண்டலப் பட்டியலுக்கு 1982-க்கு முந்தைய வரலாறும் தெரியும், அதனால் ஏழரையாகக் கணக்கிட்டு முந்தைய நாள் இரவு பதினொன்றரை என்று காட்டும். தேதி போச்சு.

டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை? டெஸ்டில் இருந்த ஊழியர்கள் எல்லோரும் தொண்ணூறுகளில் பிறந்த பிள்ளைகள். எழுதினவர் தன் வயதுக்காரர்களை வைத்தே எழுதியிருக்கிறார்! பிறந்த நாளுக்கு நேரமே தேவையில்லை, தேதி மட்டும் போதும் என்று மாற்றினோம். 'இன்று' என்பதையும் கிளாஸ் தானாகக் கேட்காமல் வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. ஜாவா 8-இல் வந்த 'கிளாக்' ஆப்ஜெக்ட் இதற்கு நல்ல வசதி. டெஸ்டில் அதை நமக்கு வேண்டிய நாளில் நிறுத்தி வைக்கலாம்.

இரண்டாம் ஆண்டு (பத்தாங் பெர்ஜுந்தை)

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். சிங்கிள்டன் (ஒரு கிளாஸுக்கு ஒரே ஓர் ஆப்ஜெக்ட்தான் என்று அந்த கிளாஸே கட்டுப்படுத்தும் முறை) போட்டால் குளோபல் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று படித்தேன். சரிதானா?

மில் கணக்கு

தீராது தங்கச்சி. அது கிளாஸ் சட்டை போட்ட குளோபல்தான். முதல் டெஸ்டில் உருவான ஆப்ஜெக்ட் ஸ்டாட்டிக் மாறியில் உட்கார்ந்துகொண்டு கடைசி டெஸ்ட் வரைக்கும் இருக்கும். இது ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று புரோகிராமைத் தொடங்கும் இடம் முடிவு செய்யட்டும், கிளாஸ் முடிவு செய்ய வேண்டாம். உனக்கு அசைன்மென்டில் சிங்கிள்டன் எழுதச் சொன்னால் எழுதிக் கொடு, மார்க்கை விட்டுவிடாதே.

கிராணி வீட்டுப் பிள்ளை

எல்லோருக்கும் நன்றி. பழைய ஜாவாக்கார அண்ணன் சொன்னபடி சம்பளச் சீட்டு கிளாஸை மட்டும் எடுத்தேன். குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஒரு சின்ன கிளாஸ். தேதியையும் ஆள் எண்ணிக்கையையும் கொடுத்தால் எண்ணைச் சொல்லும், வேறு எதையும் தொடாது. 2025 ஜனவரி 31 என்றால் யாராக இருந்தாலும் 1,500. பிப்ரவரி 1, 5 பேர் என்றால் 1,700. அதே நாள் 4 பேர் என்றால் 1,500. ஜூலை 31 வரை அப்படியே, ஆகஸ்ட் 1-இல் 1,700. இந்த டெஸ்டுகளுக்கு டேட்டாபேஸே தேவைப்படவில்லை, கண் சிமிட்டும் நேரத்தில் ஓடி முடிகிறது.

சீட்டை அச்சடிக்கும் கிளாஸ் இன்னும் நிறுவனப் பெயரை குளோபலில்தான் படிக்கிறது. அது வருஷக்கணக்காக மாறாத விஷயம் என்பதால் அப்படியே விட்டுவிட்டேன். நேரம் பற்றிச் சொன்னவருக்குத் தனி நன்றி. எங்கள் ஊழியர் பட்டியலிலும் எழுபதுகளில் பிறந்தவர்கள் இருக்கிறார்கள், நாளைக்கு முதல் வேலை அதைப் பார்ப்பதுதான்.

சில்லறைக் கடை பில்

தம்பி, ஒன்றை விட்டுவிட்டீர்கள். தொழில்முறைப் பணி செய்யும் முதலாளிகளுக்கு அந்த 5 பேர் சலுகை கிடையாது. 2 பேர் வைத்திருந்தாலும் பிப்ரவரியிலிருந்தே 1,700-தான். குத்தகைக்காரருக்கு வராது, ஆனால் உங்கள் வாடிக்கையாளரில் கணக்காய்வாளர் அலுவலகம் ஏதாவது இருக்கிறதா?

கிராணி வீட்டுப் பிள்ளை

ஒன்று இருக்கிறது அண்ணே, கடைத்தெருவில். மூன்றாவது பராமீட்டர் சேர்க்கிறேன். முதலில் விழுகிற டெஸ்டை எழுதிவிட்டு.