‘அசிமுதல் இன்டக்ரேஷன்’: ‘வளையச் சராசரி’ என்று வைக்கலாமா?

வணக்கம்.

எக்ஸ் கதிர்ப் படங்களை அலசும் பைஃபாய் (pyFAI) மென்பொருளுக்கான தமிழ்ச் சொற்பட்டியலில் ‘அசிமுதல் இன்டக்ரேஷன்’ (azimuthal integration) என்பதற்குத் ‘திசைவில் தொகையீடு’ என்று போன மடலில் எழுதியிருந்தீர்கள். அகராதிப்படி சரிதான். ஆனால் அந்த வேலையைச் செய்யும்போது நமக்குக் கிடைப்பது தொகை இல்லை. அதனால்தான் மறுக்கிறேன்.

பொடி மாதிரியில் பட்டுச் சிதறும் எக்ஸ் கதிர் உணரியில் வளையங்களாக விழுகிறது. அந்தப் படத்தை ஒரே வளைவரையாக மாற்றுவதற்காக பிரான்சின் கிரனோபிளில் உள்ள ஈஎஸ்ஆர்எஃப் (ESRF) எக்ஸ் கதிர் ஆய்வகத்தில் எழுதிய திறமூல மென்பொருள்தான் பைஃபாய். மையத்திலிருந்து 100 படப்புள்ளி தள்ளி, ஒரு புள்ளி அகலத்தில் ஒரு வளையம் எடுங்கள். அதில் சுமார் 628 புள்ளிகள் இருக்கும். 400 தள்ளிப் போனால் சுமார் 2,513. படம் முழுக்கப் புள்ளிக்கு 5 எண்ணிக்கை என்று ஒரே சீராக இருந்தாலும், வெறுமனே கூட்டினால் வெளி வளையம் நான்கு மடங்கு பிரகாசமாகத் தெரியும். பைஃபாய் தரும் விடை இரண்டு இடத்திலும் 5தான். கூட்டியதை உரிய திருத்தங்களோடு வகுத்துத் தருகிறது, அதாவது சராசரி.

பல தகடுகளைச் சேர்த்துச் செய்த பிலாட்டஸ் வகை எக்ஸ் கதிர் உணரியில் அந்தத் தகடுகளுக்கு நடுவே ஒன்றும் பதிவாகாத பட்டைகள் உண்டு. வெறும் கூட்டல் என்றால் வளைவரையில் அங்கங்கே பள்ளம் விழும், மாணவர் அதையும் மாதிரியின் குணம் என்று நினைத்துவிடுவார். பட்டைகளை மறைத்துவிட்டுச் சராசரி எடுப்பதால் அந்தப் பள்ளம் வருவதில்லை. ‘தொகையீடு’ என்று படித்து வருபவருக்கு இது எப்படிப் புரியும்?

‘வட்டச் சராசரி’ என்றும் ஒரு யோசனை வந்தது. உணரி சாய்ந்திருந்தால் வட்டம் நீள்வட்டமாகிவிடும். வளையம் இரண்டையும் தாங்கும்.

நிரலில் ‘இன்டக்ரேட்’ என்றுதானே இருக்கிறது என்று கேட்கலாம். நிரலில் அது அப்படியே இருக்கட்டும், நான் கேட்பது திரையில் தெரியும் பெயரை மட்டும். அப்புறம் பட்டியலில் உள்ள ‘கேக்கிங்’ (caking). வளையங்களை நேர்கோடுகளாகப் பிரித்துப் போடுவதால் அதை ‘வளைய விரிப்பு’ எனலாம்.

மிச்சம் இருப்பது ‘செக்டர்’ (sector), அதாவது வட்டத்தில் இரண்டு ஆரங்களுக்கு நடுவே வரும் துண்டு. தமிழ்நாட்டுப் பாடநூலில் வட்டக்கோணப்பகுதி, இலங்கையில் ஆரைச்சிறை. எனக்கு ஆரைச்சிறைதான் பிடித்திருக்கிறது. பொத்தானிலும் அடங்கும், ‘ஆரைச்சிறைச் சராசரி’ என்று சேர்த்தும் சொல்லலாம். இலங்கை நண்பர்கள் ஒரு வார்த்தை சொன்னால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.