ரெண்டு கருந்துளை நெருங்கினா நிஜமாவே ஒன்னாகுதா, இல்ல ஓரத்துலயே உறைஞ்சு நின்னுடுதா?

கேள்விக்காரன்:
ரொம்ப நாளா மண்டைய குடையுற விஷயம் இது. கருந்துளைக்குள்ள ஒரு கல்லு விழுந்தா, தூரத்துல நின்னு பாக்குறவனுக்கு அது ஓரத்துக்கு போகப் போக மெதுவாகி, மங்கி, அப்படியே உறைஞ்சு போன மாதிரி தெரியும், உள்ள போறத பாக்கவே முடியாதுன்னு படிச்சிருக்கோம். கல்லுக்கே அந்த கதின்னா, ஒரு கருந்துளை இன்னொரு கருந்துளையோட சேர்றது மட்டும் நம்ம கடிகாரத்துல எப்படி முடியும்? 2015 செப்டம்பர் 14 அன்னிக்கு லைகோ, அதாவது ஈர்ப்பு அலைய (வெளியே அதிர்ந்து பரவுற அலை) பிடிக்கிற அமெரிக்க கருவி, பிடிச்ச சிக்னல் மொத்தமே 0.2 செகண்ட்தான், அதுக்குள்ள ரெண்டும் ஒன்னாயிடுச்சுன்னு சொல்றாங்க. என் கருத்து: ஒன்னாகல, ரொம்ப கிட்ட போயி நிக்குது. மறுக்குறவங்க கணக்கோட வாங்க.

வால்மீன்:
அந்த உறையுற கதை சின்ன கல்லுக்கு போட்ட கணக்கு நண்பா. கல்லோட எடை கருந்துளைய ஒன்னும் பண்ணாது, அதனால ஹொரைசன், அதாவது நீங்க சொல்ற ஓரம், அசையாம ஒரே இடத்துல இருக்குன்னு முதல்லயே வச்சுக்கிட்டுதான் கணக்கையே ஆரம்பிக்கிறாங்க. நீங்க சொல்ற சிக்னல்ல ஒரு பக்கம் 36 சூரியன் எடை, இன்னொரு பக்கம் 29. இதுல எது கல்லு, எது கருந்துளை? ஹொரைசன்ங்கிறது சுவர் இல்ல, இதுக்கு உள்ள போன ஒளி திரும்ப வராதுங்கிற எல்லை, அவ்ளோதான். ரெண்டும் நெருங்கும்போது நடுவுல இருக்குற இடத்துலயும் ஒளி தப்பிக்கிற வழி அடைபட்டு போகுது, எல்லை ரெண்டு பக்கமும் நீண்டு ஒட்டிக்குது, அப்புறம் ரெண்டையும் சுத்தி ஒரே எல்லைதான். ஓரத்துக்கு போயி காத்துக்கிட்டு நிக்கிறதுக்கு அங்க பழைய ஓரமே இருக்காது.

கேள்விக்காரன்:
நீங்க சொல்றது கம்ப்யூட்டர்ல போட்ட படம். 2005ல ஃபிரான்ஸ் பிரிட்டோரியஸ்ங்கிற இயற்பியலாளர் முதல்முறையா ஐன்ஸ்டைனோட ஈர்ப்பு சமன்பாட்ட கம்ப்யூட்டர்ல ஓட்டி கடைசி சுத்துல இருந்து இணையற வரைக்கும் காமிச்சார், அத நானும் மதிக்கிறேன். ஆனா அந்த படத்துல எந்த நொடிய "இப்போ"ன்னு வெட்டி எடுக்குறோம்ங்கிறது நம்ம சாய்ஸ். வேற மாதிரி வெட்டினா வேற மாதிரி தெரியும். அதனால படத்த வச்சு "நடந்துடுச்சு"ன்னு அடிச்சு சொல்லாதீங்க.

வால்மீன்:
சரி, படத்த விடுங்க, சிக்னல மட்டும் பாப்போம். 35 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு 250 வரைக்கும் மளமளன்னு ஏறுது, அதாவது கடைசி கட்டத்துல ஒளியோட வேகத்துல பாதி வேகத்துல ஒன்ன ஒன்னு சுத்துது, அப்புறம் மணி அடிச்சு ஓயுற மாதிரி சில மில்லிசெகண்ட்ல அடங்கிடுது. அந்த அடங்குற ஓசைதான் முக்கியம். ஒரே ஒரு சுழலுற கருந்துளை கலைஞ்சு போயி திரும்ப தன் வடிவத்துக்கு வந்தா எந்த சுருதில, எவ்ளோ வேகமா அடங்கணுமோ அதோட ஒத்துப்போகுது. பக்கத்து பக்கத்துல ரெண்டு கட்டி ஒட்டிக்கிட்டு நின்னிருந்தா அது இன்னும் சுத்திக்கிட்டுதான இருக்கும், அலையும் வந்துக்கிட்டே இருக்கணும்.

கேள்விக்காரன்:
இல்லையே, உறையுறப்போ சுத்தறதும்தான் மெதுவாகும், அலையும் நீண்டு பலவீனமாகி மறைஞ்சுடும். அப்ப உங்க அமைதியும் என் அமைதியும் ஒன்னுதான?

வால்மீன்:
நல்ல பாயிண்ட், இதுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும். மெதுவாகி மங்கிப் போனா சுருதி கீழ இறங்கிக்கிட்டே போகணும். இங்க அப்படி இல்ல, ஏறினது ஏறின இடத்துலயே நின்னு, சத்தம் மட்டும்தான் குறையுது. அதத்தான் நான் ஆதாரம்னு சொல்றேன்.

ஒளிச்சிதறல்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எதுவுமே வெளிய வராதுன்னு சொல்றீங்க, ஆனா 36ம் 29ம் சேந்தா 65 வரணும், கடைசில மிஞ்சினது 62. அந்த 3 சூரியன் எந்த வழியா வெளிய வந்துச்சு?

வால்மீன்:
உள்ள இருந்து வரல. அது ரெண்டோட ஓட்டத்துலயும், ஹொரைசனுக்கு வெளிய ரெண்டையும் சுத்தி வளைஞ்சு கிடக்குற விண்வெளிலயும் இருந்த ஆற்றல். அதுதான் அலையா போச்சு, 130 கோடி ஒளியாண்டு தாண்டி வந்து லைகோவோட 4 கிலோமீட்டர் கைய (லேசர் ஒளி ஓடுற நீள குழாய), ஒரு புரோட்டான் விட்டத்துல நூத்துல ஒரு பங்குக்கும் கம்மியா அசைச்சுது. எடை குறையலாம், ஆனா ஹொரைசன் பரப்பு குறையக்கூடாதுன்னு 1971லயே ஹாக்கிங் சொல்லிட்டார். பரப்பு எடையோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி போகும். 36ஐயும் 29ஐயும் தனித்தனியா வர்க்கப்படுத்தி கூட்டினா 2137, 62ஓட வர்க்கம் 3844. சுழற்சிய சேத்தா கொஞ்சம் குறையும், அப்பவும் பெருசுதான். 2025 ஜனவரி 14 வந்த ரொம்ப தெளிவான சிக்னல்ல இதயே அளந்து பாத்தாங்க, மொத்தம் சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டரா இருந்தது சுமார் 4,00,000 ஆகியிருக்கு. கேள்விக்காரரே, வெறுமனே கிட்ட போயி நின்னிருந்தா இந்த பரப்பு எப்படி கூடும்?

நிழல்வட்டம்:
நீங்க ரெண்டு பேருமே ஒரு விஷயத்த சுலபமா எடுத்துக்கிட்டீங்க, நெருங்கினா சேந்துடும்னு. எனக்கு அதுலயே ஒப்புதல் இல்ல. வேகமா வந்தா ஒன்ன ஒன்னு வளைச்சு விட்டுட்டு போயிடும், கருந்துளை எல்லாத்தையும் உறிஞ்சுற குழாய் இல்ல. சுத்த ஆரம்பிச்சாலும் தூரம் அதிகமா இருந்தா அலை வழியா போற ஆற்றல் ஒன்னுமே இல்லாத அளவு கம்மி. தூரத்த ரெட்டிப்பாக்கினா சேர ஆகுற நேரம் 16 மடங்கு. கேலக்ஸி நடுவுல இருக்குற ராட்சச கருந்துளைங்க பக்கத்து நட்சத்திரங்கள வீசி எறிஞ்சு எறிஞ்சு கிட்ட வரும், சுமார் 3 ஒளியாண்டு தூரத்துக்கு வந்ததும் எறியறதுக்கு நட்சத்திரமே மிஞ்சாது, அலைக்கும் அவ்ளோ தூரத்துல தெம்பு இல்ல. 1980ல பெகல்மன், பிளாண்ட்ஃபோர்ட், ரீஸ் மூணு பேரும் எழுப்பின சிக்கல் இது.

வால்மீன்:
அந்த சிக்கல் நிஜம்தான், ஆனா மாட்டிக்கிட்டு அங்கயே நிக்குதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. 2023 ஜூன்ல பல்சார் (கடிகாரம் மாதிரி சீரா ரேடியோ துடிப்பு அனுப்புற நட்சத்திரம்) துடிப்ப வருஷக்கணக்குல அளந்த குழுக்கள் வானம் முழுக்க ஈர்ப்பு அலையோட ஒரு மெல்லிய முணுமுணுப்பு இருக்கறதுக்கு ஆதாரம் காட்டினாங்களே, ராட்சச ஜோடிங்க நெருங்கி சுத்தினா எப்படி இருக்குமோ அதோட பொருந்துது. கேலக்ஸி கோணல்மாணலா இருந்தா புது நட்சத்திரங்க உள்ள வந்துக்கிட்டே இருக்கும், வாயுவும் உதவும்.

நிழல்வட்டம்:
பொருந்துதுங்கிறது வேற, அதான்னு காட்டுறது வேற. எந்த ஜோடின்னு ஒன்னையாவது தனியா காட்டட்டும், அப்ப ஒத்துக்கறேன். 2030கள்ல ஈர்ப்பு அலைய பிடிக்கிற லிசா விண்கலங்க விண்வெளிக்கு போனா லட்சக்கணக்கான சூரியன் எடை உள்ளதுங்க சேர்றத நேரா கேக்கலாம், அது வரைக்கும் நான் இந்த பக்கம்தான்.

கேள்விக்காரன்:
என் பக்கம் நான் ஒரு படி இறங்கறேன். பரப்பு கூடினதுக்கும் சுருதி இறங்காததுக்கும் என்கிட்ட பதில் இல்ல, வெளில இருந்து பாத்தா ஒரே கருந்துளைதான். ஆனா உள்ள இருக்குற ரெண்டு மையமும் சேந்துச்சான்னு எந்த சிக்னலும் சொல்லாது, அத மட்டும் "ஒன்னாயிடுச்சு"ங்கிற வார்த்தைக்குள்ள திணிக்காதீங்க.

வால்மீன்:
அத நான் ஒருநாளும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். லைகோ டேட்டா எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு, 2025 சிக்னல ஒலியா மாத்தி கேட்டுப் பாருங்க. மேல ஏறி நின்னதுக்கு அப்புறம் வர்ற அந்த சில மில்லிசெகண்ட்தான் நாம இவ்ளோ நேரம் சண்டை போட்டது.