வளரிளம் கர்ப்பத் தடுப்புத் திட்டங்களை அளக்கப் போன இடத்தில் என்ன பார்த்தீர்கள்?

கொருக்குப்பேட்டை, கள ஆய்வாளர்:

திட்டம் நடத்துகிற ஆள் இல்லை நான். ஒரு நிறுவனம் வளரிளம் பெண்களுக்கு வகுப்பு எடுத்து முடித்ததும், பலன் இருந்ததா என்று பார்க்க ஃபார்மோடு போகிற ஆள். வடசென்னையில் இந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். முதலில் என் அனுபவம்.

வியாசர்பாடி பக்கம் ஒரு ஹவுசிங் போர்டு. 14, 15 வயதில் வகுப்பில் சேர்ந்த பெண்களின் லிஸ்டை வைத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினேன். ஒரு அம்மா கதவைப் பாதி திறந்து, "அவ ஊருக்குப் போயிருக்காம்மா, எப்ப வருவான்னு தெரியாது" என்றார். கீழே குழாயடியில் குடத்தோடு நின்ற அக்கா நான் கேட்காமலே சொன்னார்: "ஊராவது ஒண்ணாவது. அந்தப் பையன் வூட்லதான் கீறா. மாசமா கீறா." என் ஃபார்மில் அதற்குக் கட்டம் கிடையாது. 'இடம் மாறிவிட்டார்' என்று ஒரு கட்டம் இருந்தது. பெரும்பாக்கத்துக்கு வீடு மாற்றப்பட்டுப் போனவர்களும் அதில்தான், இவளும் அதில்தான். இடம் மாறியவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது வழக்கம். அப்புறம் அறிக்கை வந்தது: பங்கேற்றவர்களில் ஒருவர்கூட 18 வயதுக்குள் கர்ப்பமாகவில்லை.

பொய் என்று சொல்ல மாட்டேன். மீதி இருந்தவர்களைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் யாருக்கு இது நடக்கிறதோ அவள்தான் லிஸ்டிலிருந்து முதலில் போகிறாள். பள்ளிக்கூடம் நிற்கும், வகுப்பு நிற்கும், வீடு மாறும். அவளைத் தேடாத மதிப்பீடு யாரை மதிப்பிடுகிறது?

அடுத்தது மதிப்பெண். வகுப்புக்கு முன்னும் பின்னும் ஒரே கேள்வித்தாள். பெண்ணின் திருமண வயது 18, சரியா தவறா? ஆட்டோ முதுகில் 'பெண்ணின் திருமண வயது 21' என்று படித்து வளர்ந்த பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வியா இது? ஒரு பெண் 'சரி' என்று டிக் அடித்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கே மீன் எடுக்கப் போயிடும். அப்பா குடிச்சிட்டு வரும். பதினெட்டு ஆகுற வரைக்கும் நான் எங்கக்கா இருக்கறது?" இதற்கு எத்தனை மார்க் போடுவது?

வகுப்பு பிடித்திருந்ததா என்றால் எல்லோரும் ஐந்துக்கு ஐந்துதான். பிரியாணி போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 57 பள்ளிகளில் ஒரு திட்டத்தைச் சோதித்தார்கள். அழுகிற பொம்மைக் குழந்தையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, பிள்ளை வளர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று புரியவைப்பதுதான் யோசனை. அந்தப் பெண்களை 20 வயது வரை மருத்துவப் பதிவேடுகளில் தொடர்ந்து பார்த்தார்கள். பொம்மைத் திட்டத்தில் இருந்தவர்களில் 8 சதவீதம் பேர் பிள்ளை பெற்றிருந்தார்கள், இல்லாதவர்களில் 4 சதவீதம். 2016-ல் லான்செட் இதழில் வந்தது. வகுப்பு முடிந்த கையோடு ஃபார்ம் நிரப்பியிருந்தால் அங்கேயும் ஐந்துக்கு ஐந்துதான் வந்திருக்கும்.

ராயபுரம், சுகாதார நிலையச் செவிலியர்:

எங்கள் பக்கத்துக் கதை வேறு. வரும்போதே "வயசு பத்தொன்பது" என்றுதான் சொல்வார்கள். ஆதார் கேட்டால் "ஊர்ல கீது". 18-க்குக் கீழே என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் எங்கள் மேலேயே வழக்கு வரும். ஏரியாவுக்கே இது தெரியும். அதனால் மூன்றாம் மாதம் வர வேண்டியவள் ஆறாம் மாதம் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு வருகிறாள்.

சிறுமிகளுக்கு 24 வாரம் வரை கருக்கலைப்புக்கு 2021-ல் இருந்து சட்டத்தில் இடம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் போலீசுக்குத் தரும் தகவலில் டாக்டர் அவள் அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்றது. எந்த வகுப்பிலும் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொரு வேடிக்கை. ஒரு திட்டம் நடந்த தெருக்களிலிருந்து சின்னப் பெண்கள் சீக்கிரமே வர ஆரம்பித்தார்கள். பதிவேட்டில் எண்ணிக்கை ஏறியது. மீட்டிங்கில் எங்களை நிற்க வைத்து "உங்க ஏரியாவுல மட்டும் ஏன் கூடுது?" என்று கேட்டார்கள். பக்கத்து ஏரியாவில் பூஜ்யம், அவர்களுக்குப் பாராட்டு. அந்தப் பூஜ்யத்தை நான் நம்பவில்லை.

காசிமேடு, இளைஞர் மன்றம்:

பசங்களை யாராவது கேட்டீர்களா? காலை 11 மணிக்கு செஷன் வைத்தால் எவன் வருவான், ஒருத்தன் கடலில் இருப்பான், ஒருத்தன் ஐஸ் உடைத்துக்கொண்டிருப்பான். ஒரு தடவை மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15-க்கு அப்புறம், சாயங்காலம் வைத்தோம். உட்கார இடம் இல்லை. ஆணுறை பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்தோம். முதல் கேள்வியே "கேஸ் போட்டா எத்தினி வருசம்ணே?" என்பதுதான். லவ் பண்ணுகிற பொண்ணு சம்மதித்தாலும் 18-க்குக் கீழே என்றால் சட்டத்தில் அது சம்மதமே இல்லை என்பது பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வால்டாக்ஸ் ரோடு, தன்னார்வலர்:

உங்கள் லிஸ்ட் எங்கிருந்து வருகிறது? கதவு எண்ணில் இருந்துதானே. பிளாட்பாரத்தில் தலைமுறையாக இருக்கிற குடும்பத்துக்கு ஏது கதவு எண்? இரவில் தூங்கவே பயப்படுகிற பிள்ளைகள் அவர்கள். "எளிதில் பாதிக்கப்படும் இளையோர்" என்று அறிக்கையின் அட்டையில் இருக்கும், உள்ளே இவர்கள் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.

தண்டையார்பேட்டை, பள்ளி ஆசிரியை:

வகுப்புகளை விட்டுத் தள்ளுங்கள், காசைப் பேசுவோம். புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று நம்ம பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கினார்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். கல்யாணத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்த உதவியைப் படிப்புக்கு மாற்றினார்கள். வீட்டில் "காலேஜ் போனா ஆயிரம் ரூபா வரும்" என்று அம்மாக்களே பேசுவதைக் கேட்கிறேன். ஆனால் ஒன்பதாவதோடு நிற்கிறவளுக்கு இது எட்டாது, நாம் பேசுவது அவளைப் பற்றித்தான்.

வங்கதேசத்தில் 18 வயது வரை மகளுக்குக் கல்யாணம் செய்யாமல் இருந்த குடும்பத்துக்குச் சமையல் எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுவயதுக் கல்யாணம் குறைந்தது. அதே ஆய்வில் நடத்திய தன்னம்பிக்கை வகுப்புகளால் அது குறையவில்லை. இதைச் சொன்னால் "எண்ணெய்க்காகவா?" என்று முகம் சுளிப்பார்கள். சுளிப்பவர்கள் வீட்டில் எண்ணெய் இருக்கிறது.

கொருக்குப்பேட்டை, கள ஆய்வாளர்:

வால்டாக்ஸ் ரோடு தோழர் சொன்னது சரி, பிளாட்பாரத்துக்குத் தனியாகவே ஆள் போட வேண்டும். அடுத்த வேலையில் திட்டத்தின் லிஸ்டை வாங்காமல் எட்டாவது, ஒன்பதாவது வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன். நடுவில் நின்றவர்களும் அதில் இருப்பார்கள். 'இடம் மாறிவிட்டார்' கட்டத்தையும் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன். வாசலில் மாமியார் நிற்கும்போது அந்தப் பெண்ணிடம் எதுவும் கேட்பதில்லை என்பது மட்டும் உறுதி.

ராயபுரம் அக்கா, எத்தனை பேர் என்பதை விட்டுவிட்டு எத்தனையாவது மாதம் வந்து பதிகிறார்கள் என்பதை அளவாக வைத்தால் என்ன? பெயர் இல்லாமல் அந்த விவரம் கிடைக்குமா?

ராயபுரம், சுகாதார நிலையச் செவிலியர்:

12 வாரத்துக்குள் பதிந்தவர்கள் எத்தனை பேர் என்பது மாத ரிப்போர்ட்டிலேயே வரும்மா. வயது வாரியாகப் பிரிக்க மேலே அனுமதி வாங்கணும். லெட்டர் எழுதிக் கொடு, நான் எடுத்துக்கிட்டுப் போறேன்.