பழைய மல்டிப்ளெக்ஸ் ஈஸி ஸ்டார்: இறக்கை தொங்குது, பிரஷ்லெஸ் மோட்டார் போடலாமா?

ஆலாப்பறவை:

மல்டிப்ளெக்ஸ் கம்பெனியின் ஈஸி ஸ்டார், ரேடியோவில் ஓட்டும் ஃபோம் விமானம், முதல் மாடல். இறக்கை நுனிக்கு நுனி 1366 மி.மீ., திருப்ப ரட்டரும் மூக்கை ஏற்றி இறக்க எலிவேட்டரும் மட்டும். பல வருஷம் பரணில் கிடந்தது. மூக்கு நசுங்கி, காக்பிட்டுக்குக் கீழே பழைய சி.ஏ. (சூப்பர் குளூ) ஒட்டு விட்டிருக்கிறது. இறக்கையை வேரில் பிடித்துத் தூக்கினால் நுனி தொங்குகிறது, இடது பக்கம் கொஞ்சம் முறுக்கும் இருக்கிறது. மோட்டார் பெட்டியோடு வந்த பெர்மாக்ஸ் 400, பிரஷ் வகை; ப்ரொப்பெல்லர் பின்னால் இருந்து தள்ளும். 7 செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி செத்துவிட்டது. ரிசீவர் 35 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வகை.

2212 அளவு 2200 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பிரஷ்லெஸ் மோட்டாரும் 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி.யும் (மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) வாங்கியாயிற்று. 6×4 ப்ரொப்பெல்லர், 3 செல் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) போடுவதாக யோசனை. மூக்குக்கு வெந்நீர் சரிவருமா? எபாக்ஸியில் ஒட்டலாமா? எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் விமானத்தைச் சாய்க்கும் மடல்) வெட்டிச் சேர்த்தால் பயன் உண்டா?

தும்பிவால்:

மோட்டாரை ஓரமா வைங்க, முதல்ல ஃபோமைப் பார்ப்போம். தொங்குற இறக்கையில கூடுதல் சக்தி போட்டா, முதல் டைவ்லயே இறக்கை படபடத்து உடையும்.

மூக்கு: வெந்நீர் வேலை செய்யும், ஆனா வரிசை முக்கியம். ரிசீவர், சர்வோ (ரட்டர், எலிவேட்டரை அசைக்கற குட்டி மோட்டார்) எல்லாத்தையும் கழற்றிடுங்க. சர்வோ ஹாட் குளூவில இருந்தா கத்தி போட்டு நெம்பாதீங்க. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை ஓரத்துல சில சொட்டு விட்டு ஒரு நிமிஷம் பொறுத்தா தானா விட்டு வரும். விட்டுப்போன சி.ஏ. ஒட்டை முழுசாப் பிரிச்சு, கண்ணாடி மாதிரி இறுகின பழைய பசையைச் சுரண்டி எடுங்க. அதுக்கு அப்புறம்தான் வெந்நீர். கொதி அடங்கின தண்ணியை நசுங்கின இடத்துல மட்டும் 10–15 விநாடி ஊத்துங்க. அமுங்கின ஃபோம் மணிகள் உப்பி மேல வரும். நிறுத்தி, ஆறவிட்டு, தேவைன்னா இன்னொரு தடவை. ஒரேயடியா அதிக நேரம் காட்டினா மேல்தோல் முதலைத் தோல் மாதிரி மேடு பள்ளமாயிடும், அதை மாத்த முடியாது. ஹீட் கன் வேண்டவே வேண்டாம்.

பசை: இது எலாபோர் ஃபோம், தெர்மோகோல் இல்ல. தெர்மோகோலை சி.ஏ. தின்னுடும், எலாபோரை ஒண்ணும் பண்ணாது. எபாக்ஸியும் வெள்ளைப் பசையும் எலாபோர்ல மேலாகத்தான் பிடிக்கும், அதிர்ச்சி வந்தா தகடா உரிஞ்சு வரும். மல்டிப்ளெக்ஸ் கையேடே சி.ஏ. மட்டும் போடச் சொல்லுது. நடுத்தர கெட்டியான சி.ஏ. ஒரு பக்கம், அதைச் சீக்கிரம் இறுக வைக்கற ஆக்டிவேட்டர் மறு பக்கம், சேர்த்து அழுத்திப் பிடிங்க. ஆக்டிவேட்டரை நனைய நனைய அடிச்சா ஒட்டு சூடேறி நொறுங்கும். ஒட்டப்போற தோல் வழவழப்பா இருந்தா 240 உப்புத்தாளால லேசா தேய்ச்சுக்கோங்க. மூக்கோட இரண்டு பக்கத்துலயும் 3 மி.மீ. கார்பன் கம்பியை ஒட்டுக்கு முன்னும் பின்னும் 60 மி.மீ. போகிற மாதிரி பதிச்சா அடுத்த தரையிறக்கத்துல அதே இடம் விடாது.

இறக்கை: பெட்டியோட வந்த, இறக்கைக்குள்ள போற ஸ்பார் குழாய் வேர்ப் பக்கம் மட்டும்தான் தாங்கும், நுனிப் பக்கம் வெறும் ஃபோம். 5×1 மி.மீ. கார்பன் பட்டை, ஒரு இறக்கைக்கு 500 மி.மீ. நீளம் எடுங்க; இறக்கை அகலத்துல முன்விளிம்பிலிருந்து சுமார் 30 சதவீதத்துல, அடிப்பக்கமா 5 மி.மீ. ஆழக் கீறல் போட்டு பட்டையை *நெட்டுக்குத்தா* இறக்குங்க. படுக்க வச்சா வளைவைத் தாங்காது, எடை மட்டும் மிச்சம். கீறலுக்குப் புது பிளேடு, ஸ்டீல் ஸ்கேல். பழைய குழாய் முடியற இடத்துக்கு உள்ளே குறைஞ்சது 80 மி.மீ. இந்தப் பட்டை போகணும். இல்லாட்டி குழாய் முடிஞ்சு பட்டை தொடங்கற புள்ளியிலயே இறக்கை மடங்கும். ஒரு பக்கத்துக்கு 4 கிராம்தான் ஏறும்.

ஆனா பட்டை இறக்கறதுக்கு முன்னாடி முறுக்கை எடுத்துடணும், அப்புறம் கார்பன் அந்த முறுக்கையே பூட்டி வச்சுடும். ஹேர் டிரையரால சூடாக்கி, எதிர்ப்பக்கம் கொஞ்சம் அதிகமாவே முறுக்கி, முழுசா ஆறும்வரை கையை எடுக்காதீங்க.

மோட்டார்முனை:

கட்டமைப்பு பற்றித் தும்பிவால் சொன்னதை ஏற்கிறேன். மோட்டார் விஷயத்தில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, பொருத்துதல். பெர்மாக்ஸ் 400-ன் விட்டமும் 2212-ன் விட்டமும் ஏறத்தாழ 28 மி.மீ. என்பதால் பழைய கூண்டிலேயே செருகிவிடலாம் என்று தோன்றும். முடியாது. 2212-இல் வெளிக்கூடுதான் சுழல்கிறது. கூண்டின் பின்முனையை நேராக வெட்டி, 3 மி.மீ. பிளைவுட் தகட்டைப் பதித்து அதில் திருகுங்கள். மோட்டார் வெளியே நிற்பதால் ப்ரொப்பெல்லர் 25–30 மி.மீ. பின்னுக்குப் போகும். அந்த இடத்தில் ஷாஃப்ட் மையத்திலிருந்து உடற்பகுதிக்கு எவ்வளவு தூரம் என்று அளக்கவும். பழைய ப்ரொப்பெல்லர் 125 மி.மீ.தான். 6 அங்குலத்துக்கு ஆரம் 76, இடைவெளி 5, ஆக 81 மி.மீ. வேண்டும். இல்லையென்றால் 5.5×4.5 போடுங்கள்.

இரண்டாவது, கே.வி. 2200 கே.வி.யை 3 செல்லில் 6×4 ப்ரொப்பெல்லரோடு ஓட்டினால் சுமார் 18–20 ஆம்பியர் இழுக்கும். ப்ரொப்பெல்லரின் வேகக் கணக்கு மணிக்கு 110 கி.மீ.யைத் தொடும். மெதுவாக மிதப்பதற்கு வடிவமைத்த விமானத்துக்கு அது வேண்டாத வேகம். 1800 கே.வி. இருந்தால் 12–13 ஆம்பியரில் செங்குத்துக்கு நெருக்கமான ஏற்றமே கிடைக்கும். உங்களிடம் 2200 இருக்கிறது, தூக்கிப் போட வேண்டாம். 2 செல் லைப்போவில் ஓட்டுங்கள். சுமார் 11–12 ஆம்பியர் போகும், பழைய பிரஷ் மோட்டாரைவிடத் தெளிவாக வலுவாக ஏறும். வாட் மீட்டர் இணைத்து முழு த்ராட்டிலில் பார்க்காமல் எந்தக் கணக்கையும், என் கணக்கு உட்பட, நம்பாதீர்கள்.

மூன்றாவது, வயர். ஈ.எஸ்.சி.யை மூக்குப் பக்கம் வைத்து, மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்களைத்தான் நீட்ட வேண்டும். பேட்டரி வயரை நீட்டினால் மின்னழுத்தத் துள்ளலில் ஈ.எஸ்.சி.யின் கெபாசிட்டர் சீக்கிரம் சாகும். பழைய பிரஷ் ஈ.எஸ்.சி.யை இந்த மோட்டாருக்குத் திரும்பப் பயன்படுத்த வழியில்லை. புதியதில், பேட்டரி இறங்கினால் மோட்டாரை நிறுத்தும் கட் ஆஃபைச் செல்லுக்கு 3.3 வோல்ட் வையுங்கள்.

ப்ரொப்பெல்லர் பின்னால் இருந்தாலும் எண் பொறித்த முகம் மூக்கை நோக்கியே இருக்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் ஓரளவு தள்ளும், அதனால்தான் பலர் கண்டுபிடிப்பதில்லை. சத்தம் அதிகம், ஏற்றம் பாதி. காற்று மூக்குப் பக்கம் வந்தால் மோட்டாரின் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றினால் போதும்.

ஆலாப்பறவை:

2 செல் என்றால் பேட்டரி எடை குறையுமே, சி.ஜி. (எடை மையம்) பின்னால் போகாதா? எய்லரான் பற்றியும் சொல்லுங்கள்.

தும்பிவால்:

போகும். 2 செல் 2200 எம்.ஏ.எச். சுமார் 120 கிராம்தான், பழைய பேக் அதைவிடக் கனம். ஆனா புது மோட்டாரும் பழசைவிட 20 கிராம் லேசு, அது சி.ஜி.க்குப் பின்னால இருக்கறதால கொஞ்சம் ஈடு கட்டும். பேட்டரியை மூக்குவரை தள்ளிப் பாருங்க. சி.ஜி. முன்விளிம்பிலிருந்து 78 மி.மீ., இறக்கை அடியிலேயே புடைப்புக் குறி இருக்கும். இன்னும் வால் கனமா இருந்தா ஈயம் போடாதீங்க, கொஞ்சம் பெரிய பேட்டரி போடுங்க. மொத்த எடை 750 கிராமுக்குள்ள நின்னா நல்லது.

எய்லரான்: இந்த இறக்கையில மேல் வளைவு, அதாவது இரண்டு பக்கமும் நுனி மேல்நோக்கி நிக்கற கோணம், அதிகம். அதை அப்படியே வச்சு எய்லரான் வெட்டினா, எய்லரான் சாய்க்கும், வளைவு நிமிர்த்தும், இரண்டும் சண்டை போட்டுக்கும். வளைவைக் குறைக்க வேரை மறுபடி வெட்டணும். ரட்டர்லயே அழகாத் திரும்பற விமானம் இது, விட்டுடுங்க. அந்த நேரத்துல சர்வோவிலேருந்து ரட்டர், எலிவேட்டருக்குப் போற புஷ்ராட் கம்பியை உருவிப் பாருங்க. துரு இருந்தா உறையோட சேர்த்து மாத்துங்க. துருப்பிடிச்ச கம்பி சர்வோவை நடுநிலைக்குத் திரும்ப விடாது.

மோட்டார்முனை:

எய்லரான் பற்றி முழுக்க உடன்பாடு இல்லை, காற்று பலமாக உள்ள மைதானத்தில் அது உதவும். ஆனால் அதை இந்தப் பழைய இறக்கையில் செய்ய வேண்டாம், வேறு இறக்கை கிடைத்தால் பார்க்கலாம்.

ரிசீவரை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் ஃபெயில்சேஃபில் (சிக்னல் போனால் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு) த்ராட்டில் பூஜ்யம் என்று அமைத்து, ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதிக்கவும். பிறகு மோட்டார் இல்லாமல் புல்தரையில் நேராக, கிடையாக எறிந்து பாருங்கள். சீராக இறங்கும்வரை எலிவேட்டர் ட்ரிம்மைச் சரிசெய்யவும்.

மோட்டார் சி.ஜி.க்கு மேலே இருப்பதால் த்ராட்டில் கொடுத்ததும் மூக்கு கீழே போகும். சக்தி கூடியதால் இப்போது அது பழையதைவிட அதிகமாகத் தெரியும். பிளைவுட் தகட்டுக்கும் மோட்டாருக்கும் இடையே வாஷர் வைத்து ப்ரொப்பெல்லர் முனையை 2–3 டிகிரி மேலே தூக்குங்கள். மீதியை ரேடியோவில் த்ராட்டிலோடு சிறிதளவு எலிவேட்டர் மேலே போகும்படி கலந்துவிடலாம். எறியும்போது அரை த்ராட்டில் போதும், கை ப்ரொப்பெல்லருக்கு முன்னால் இறக்கைக்குக் கீழே இருக்கட்டும்.

முதல் ஓட்டம் 3 நிமிடம். இறக்கியதும் மோட்டாரைத் தொடுங்கள். 3 விநாடி விரலை வைக்க முடியவில்லை என்றால் ப்ரொப்பெல்லரை ஒரு அளவு குறைக்கவும்.